வர்றேன்

அன்றைக்கு அவள் அதைக் கேட்கவில்லை.

எட்டு மாதமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனை எடுத்த மறுநொடி "எப்ப வர்றீங்க?" என்றுதான் ஆரம்பிப்பாள் சிப்பாயின் மனைவி. சாப்பாடு, உடம்பு எல்லாம் அதற்கு அப்புறம்தான். லீவு என்ன என் சட்டைப் பையிலா இருக்கிறது என்று அவன்கூட ஒரு முறை எரிந்து விழுந்திருக்கிறான். இன்று அவள், "சொல்லுங்க, வேற நம்பர்லேருந்து வருதே, கடை போனா? பால் கிடைக்கலையா?" என்றாள்.

"என்ன பால்?"

"விளையாடாதீங்க. அடுப்புல தண்ணி கொதிக்குது."

கடல் தாண்டி இருந்த அந்த முகாமில் போன் அறை என்பது, போன வாரம் இடிந்த பிறகு புது லைனோடு ஒட்டுப்பலகையால் அடைத்த ஒரு பெட்டி. மதிய வெயிலில் தகரக் கூரை முறுக்கிக்கொண்டு முனக, முந்தைய ஆளின் வியர்வையும் டீசல் வாடையும் ரிசீவரில் ஒட்டிக்கிடக்க, தூரத்தில் பீரங்கி அதிரும்போதெல்லாம் பலகைச் சந்துகளிலிருந்து மண் பொலபொலவென்று உதிரும். வெளியே மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவருக்குப் பட்டப்பெயர் கடிகாரம். ஆளுக்குப் பத்து நிமிடம். பெற்ற தாயே லைனில் வந்தாலும் பதினோராவது நிமிடம் கிடையாது.

"நான் முகாம்லேருந்து பேசறேன்மா."

அவள் சிரித்தாள். ஏன் சிரிக்க மாட்டாள்? ஒரு காலத்தில் மொட்டை மாடியிலிருந்தே போன் செய்து, மின்சார அலுவலகத்து ஆள் மாதிரிப் பேசி அவளை அழவைத்தவன்தானே இவன். அந்தக் குறும்பு இப்போது அவன் கழுத்தைப் பிடித்தது.

"போன ஞாயிறு வர்றேன்னு சொல்லி வச்சீங்க. மறுநாளே வாசல்ல வந்து நின்னீங்க. இப்ப முகாம்லேருந்தா பேசறீங்க?"

கிளம்பிய நாளில் வாய்தவறி "போறேன்" என்றவனின் வாயைப் பொத்தி, "வர்றேன்னு சொல்லுங்க" என்று அழுதவள் அவள். அன்றிலிருந்து போனை வைக்கும்போதெல்லாம் அந்த ஒரு சொல்லை மறக்காமல் சொல்வான். போன ஞாயிறு குண்டு பக்கத்திலேயே விழுந்து, விளக்கு அணைந்து, கூரை தலைமேல் இறங்கும்போதும் சொன்னான். அந்த ஒரு முறை அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. எப்படியாவது வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று உயிரையெல்லாம் திரட்டிச் சொன்னான்.

அந்தச் சொல் யார் காதில் விழுந்ததோ.

"கேளு," என்றான். "வந்திருக்கற ஆளு வெளிய போகும்போது என்ன சொல்லிட்டுப் போனான்?"

"என்ன கேள்வி இது?"

"சொல்லும்மா!"

அவள் யோசித்தாள். பாத்திரத்தின் மூடி தடதடவென்று அடித்துக்கொண்டது.

"போறேன்னுதான் சொன்னீங்க. தினமும் அப்படித்தான் சொல்றீங்க. நான்கூடத் திட்டினேன். நீங்க சும்மா பார்த்துக்கிட்டே நின்னீங்க." சிரிப்பு அவள் குரலிலிருந்து வடிந்துவிட்டது. "வந்ததுலேருந்து தூங்கவே இல்ல நீங்க. ராத்திரி முழுக்கக் கண்ணைத் திறந்து..."

"அது நான் இல்ல."

எதிர்முனையில் கரண்டி தரையில் விழுந்தது.

"அது நான் இல்லம்மா. சத்தியமா நான் இன்னும் இங்கதான் இருக்கேன். கதவைத் தாழ் போடு. மேல் தாழையும்."

ஓடும் காலடி. கீழ்த் தாழ். அப்புறம் மேல் தாழ். அவனே பொருத்தியது, தூக்கி இழுத்தால்தான் விழும். தூக்கினாள். இழுத்தாள். விழுந்தது. அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கடிகாரம் பலகையைத் தட்டினார். இன்னும் ஒரு நிமிடம்.

"போட்டுட்டேன்." அழுதாள். "போட்டுட்டேங்க. இப்ப என்ன செய்யறது?"

"யார் கூப்பிட்டாலும் திறக்காத. பாப்பாவைப் பக்கத்துல வச்சுக்கோ."

பதில் இல்லை.

"பாப்பா எங்க?"

தண்ணீர் கொதித்தது.

"என்னம்மா? பாப்பா எங்க?"

"உங்க கூடத்தானே," என்றாள் அவள், மெதுவாக. "உங்க கையைப் பிடிச்சுக்கிட்டுத்தானே கடைக்கு வந்தா."

கேட் கிறீச்சிட்டது. எண்ணெய் விடவேண்டும் என்று எட்டு மாதத்துக்கு முன் அவன் நினைத்த கேட். செருப்புச் சத்தம். கனமானது ஒன்று. சின்னது ஒன்று.

தட்டல்.

"அம்மா, கதவைத் திற. அப்பாவும் நானும் வந்துட்டோம்."

"திறக்காத," என்றான். சொன்ன வாய் உடனே, "பாப்பா... பாப்பா வெளிய இருக்கா," என்றது. எதைச் சொல்வது? எதைச் சொல்ல முடியும்?

"அம்மா, அப்பா கையை விட மாட்டேங்கறாரு. வலிக்குது."

போனை மேஜையில் வைக்கும் சத்தம்.

"வேண்டாம்!" அவன் கத்தினான். வெளியே வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கீழ்த் தாழ்.

மேல் தாழ். தூக்கி. இழுத்து.

கதவு.

அப்புறம் எதுவும் இல்லை. அழுகை இல்லை. பேச்சு இல்லை. கொதிக்கும் தண்ணீர் மட்டும். யாரோ அடுப்பை அணைத்தார்கள். அதுவும் நின்றது.

யாரோ போனை எடுத்தார்கள். வியர்வையில் நனைந்த ரிசீவருக்குள், காதோடு காதாக, அவனுடைய குரலே அவனிடம் சொன்னது.

"வந்துட்டேன்."