கிளி சொன்ன ஒற்றை எழுத்து

மலை அணில் தரையில் கால் வைக்காது. அதற்குக் கிளைதான் தெரு, கிளைதான் வீடு. ஆகவே அன்று காலை ஆனந்தவல்லி புளியமரத்திலிருந்து இறங்கி, காய்ந்த சருகில் நாலு காலையும் பதித்து, மாந்தோப்பின் காவல் குடிசைக்கு ஓடிவந்தபோதே ஏதோ கெட்டது நடந்திருக்கிறது என்று கருத்தம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

கருத்தம்மா ஒரு மைனா. ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்துத் தோப்பில் எது காணாமல் போனாலும் துப்புத் துலக்குகிறவர் வெள்ளை நாய் சிவனாண்டி. அவருக்குக் காது அவள்தான். ராஜபாளையத்து வெள்ளை நாய்களில் சில பிறவியிலேயே செவிடு. சிவனாண்டி அந்த வகை. எதிரே நின்று பேசினால் வாயசைவைப் பார்த்தே புரிந்துகொள்வார். மரத்து மேலே நடக்கிற பேச்சைக் கருத்தம்மாதான் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சேர்ப்பாள், கொஞ்சம் சொந்தச் சரக்கும் கலந்து. தோப்பில் அவளுக்கு முந்திரிக்கொட்டை என்று பட்டப்பெயர்.

"அண்ணாச்சி, எம்மக பொன்மணியைக் காணல," என்றாள் ஆனந்தவல்லி. "முந்தாநாள் காலையில பிளவக்கல் பக்கம் பலாப்பழம் தேடிப் போனேன். இன்னைக்கு விடியத்தான் திரும்புனேன். கூடு வெறிச்சுன்னு கெடக்கு."

சிவனாண்டி புளியமரத்தடியை மோந்து பார்த்தார். ரத்தமில்லை. பிய்ந்த முடியில்லை. கூட்டில் ஒரு குச்சிகூடக் கலையவில்லை என்று கருத்தம்மா மேலே போய்ப் பார்த்துவந்து சொன்னாள். வேரோரம் ஒரு தேங்காய்ச் சில்லு கிடந்தது. அதில் கற்பூர வாசனை அடித்தது.

"கோயில்ல இருந்து காக்கா தூக்கிட்டு வந்திருக்கும்," என்றாள் கருத்தம்மா. அவர் அதைக் காலால் ஓரமாகத் தள்ளி வைத்தார்.

சாட்சி ஒருத்திதான். எதிர் மாமரத்துப் பொந்தில் குடியிருந்த கிழட்டுக் கிளி அங்காளம்மாள். ஜோசியக்காரனுக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்தே ஆயுசில் பாதி போனவள். கூண்டைவிட்டு வந்த பிறகும் சொந்தப் பேச்சு திரும்பவில்லை. காதில் விழுந்ததைத்தான் திருப்பிச் சொல்வாள். கருத்தம்மா பறந்து போய், "எப்ப நடந்துச்சு ஆச்சி?" என்று கேட்டாள்.

கிளி கழுத்தைச் சாய்த்தது. ஒரு காலைத் தூக்கி முன்னால் நீட்டியது. "ரா... ரா..." என்றது.

அவ்வளவுதான். கருத்தம்மா கீழே பாய்ந்து வந்தாள். "ராத்திரி நடந்திருக்கு அண்ணாச்சி! கிளியே சொல்லிட்டா!"

ராத்திரியில் மரமேறுகிறவன் அந்தத் தோப்பில் ஒருவன்தான், மரநாய் ஜெயபாண்டி. பகலெல்லாம் பனைமட்டைக்குள் சுருண்டு கிடப்பான். இருட்டினால் பழம் தேடிப் புறப்படுவான். யாரிடமும் ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசியதில்லை, அதுவே அவனுக்கு வினையாகிவிட்டது. காக்கைகள் கத்தின, அணில்கள் கத்தின, தோப்பே திரண்டு அவனை விரட்டியது. சிவனாண்டி தடுக்கவில்லை. தூக்கக் கலக்கத்தோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஜெயபாண்டி தார் ரோட்டைக் கடந்து ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கமாகப் போனான். ரோடு வரைக்கும் கூடவே பறந்து திட்டித் தீர்த்தவள் கருத்தம்மா.

மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரம். சிவனாண்டி மாமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்காளம்மாள் அதற்குள் தலையைச் சிறகில் புதைத்துவிட்டிருந்தாள்.

"ஏட்டி, இவ எப்பவும் இந்நேரத்துக்கே உறங்கிருவாளா?"

"ஆமா அண்ணாச்சி. பொழுது சாஞ்சா கண்ணு தெரியாது. இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டா."

"பொறவு, ராத்திரி நடந்தது இவளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

கருத்தம்மா மாமரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவ சொன்னதுக்கு அர்த்தம் வேண்டாம்," என்றார் சிவனாண்டி. "வார்த்தைய மட்டும் அப்படியே சொல்லு. எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

"ரா... ரா..." என்றாள் கருத்தம்மா. கிளி செய்தது போலவே ஒரு காலையும் முன்னால் நீட்டினாள்.

சிவனாண்டியின் வால் தானாக ஒருமுறை ஆடியது. பிறகு அது நின்றுபோயிற்று.

மறுநாள் காலை தோப்பு முழுவதையும் புளியமரத்தடிக்கு வரச்சொன்னார்.

"எங்க மொதலாளியம்மா வெங்கடேஸ்வரி எனக்குச் சோறு வைக்கயில அவிய வாயி இப்படித்தான் தொறக்கும், கையும் இப்படித்தான் நீளும். அவிய வீட்டுல பேசுறது தெலுங்கு. அதுல 'ரா'ன்னா வான்னு அர்த்தம். கிளி சொன்னது ராத்திரியை இல்ல. பகல்ல ஒருத்தர் கைய நீட்டிக் கூப்பிட்டதைத்தான் அவ திருப்பிச் சொன்னா. கூடு கலையல, ஏன்னா பொன்மணி தானாத்தான் எறங்கியிருக்கா. ஆனந்தவல்லி ஊர்ல இல்லாதப்போ வெள்ளிக்கிழமை வந்துச்சு. அன்னைக்குப் பூசை முடிஞ்சு அம்மா தோப்புக்கு வருவாக. பூசைத் தேங்காயைக் காட்டித்தான் கூப்பிட்டிருக்காக, அதான் அந்தச் சில்லுல கற்பூரம் மணத்துச்சு."

"அன்னைக்கே உங்க மூக்குக்குத் தெரியலையா?" என்றாள் ஆனந்தவல்லி.

"அம்மா வாடை அங்கன இருந்துச்சு. சொந்த வீட்டு வாடையை யாரு சந்தேகப்படுதா? அம்மா கார் வந்தபோது நான் குடிசைக்குப் பின்னால உறங்கிக்கிட்டு இருந்திருக்கேன். தப்பு என்னோடதும்தான்."

கருத்தம்மா ராஜபாளையத்துக்குப் பறந்தாள். மொட்டைமாடியில் ஒரு கூண்டு. உள்ளே பொன்மணி, முன்னால் ஒரு தட்டு நிலக்கடலை. வெங்கடேஸ்வரியம்மா கெட்டவள் இல்லை, தாயில்லாத குட்டி என்று நினைத்துத் தூக்கிவந்திருக்கிறாள். ஆனால் கூண்டு கூண்டுதானே. கருத்தம்மா கொக்கியை அலகால் நெம்பித் தள்ளினாள். தோப்பு தோப்பாகத் தாவி, மறுநாள் மாலைக்குள் பொன்மணி தாயிடம் வந்து சேர்ந்தாள். தோப்பே கொண்டாடியது. கருத்தம்மா மட்டும் அந்தப் பக்கமே போகவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் அவள் நாக்கில் இருந்தது.

நாலு நாள் தேடினாள். சுந்தரபாண்டியத்தில் ஒரு தென்னந்தோப்பு, பாழடைந்த மோட்டார் ரூம், அதன் பரணில் ஜெயபாண்டி. அன்றைக்கு ரோட்டைக் கடக்கும்போது பைக் இடித்துப் பின்னங்கால் விந்தியது. அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். பொன்மணி கிடைத்ததை, 'ரா'வை, தன் அவசரத்தை. "வந்துரு அண்ணே. எல்லாரும் கூப்பிடுதாக."

ஜெயபாண்டி ரெண்டே வரியில் பதில் சொன்னான். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

திரும்பிப் பறக்கிற வழியெல்லாம் கருத்தம்மா வார்த்தைகளை மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தாள். கால் சரியானதும் வருவான் என்று சொல்லலாம். கோபமில்லை என்று சொல்லலாம். அண்ணாச்சி கிழவர்; அன்றைக்கு ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்குவார். அவருக்கு வேறு காது கிடையாது, அவள் எதைச் சொன்னாலும் அதுதான் அவருக்கு நடந்தது.

குடிசை வாசலில் சிவனாண்டி காத்திருந்தார். "என்ன சொன்னான்?"

கருத்தம்மா அவர் முகத்துக்கு நேரே வந்து உட்கார்ந்தாள்.

"'நான் வரல. அம்புட்டுப் பேர் இருந்தியளே, நீ செஞ்சியான்னு ஒருத்தராவது என்கிட்டக் கேட்டியளா'ன்னு சொன்னான் அண்ணாச்சி."

சிவனாண்டி அவள் அலகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவள் இன்னொரு தடவை சொன்னாள், ஒரு வார்த்தையும் மாறாமல்.