கிணற்றடியில் இன்னொரு குரல்

வேன் அந்தப் பழைய மாளிகையின் முன்னால் நின்றபோது வானம் மூடிக்கொண்டு இருந்தது. கோவில், மசூதி, தேவாலயம், புத்தர் ஆலயம் நான்கும் அடுத்தடுத்து நிற்கும் தெரு அது. ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் நான்கையும் படம் பிடித்துக்கொண்டு கடைசியில் இங்கே வருவார்கள். ஒரு காலத்தில் கப்பல் வியாபாரி ஒருவர் குடும்பத்தோடு வாழ்ந்த வீடு. இப்போது வாசலில் டிக்கெட் கிழிக்கிறார்கள்.

வழிகாட்டிப் பெண் இறங்கி, நான்கு வாசல்களையும் பார்த்து மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டாள்.

"என்னடி வானொலி, எல்லாருக்கும் மனு குடுத்தாச்சா?" என்றாள் வேன் ஓட்டும் அண்ணி. "நாளைக்கு மேனேஜர் கூட வர்றாரு. தொண்டையைப் பத்திரமா வச்சுக்க. என் மானத்தை வாங்கிடாத."

அண்ணி அவள் கணவனின் அக்கா. கணவன் முதுகு ஒடிந்து படுக்கையில் விழுந்த பிறகு, மேலாளரிடம் நாலு முறை நடந்து இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. நாளை மேலாளர் தலையசைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

மாளிகைக்குள் நுழைந்ததும் வெளிச்சம் அறுந்து போனது. பழைய மரத்தின் வாசனை, ஈரச் சுவரின் வாசனை. கூடங்களைக் கடந்து பின்கட்டுக்குப் போனால் சமையலறை. அதையொட்டி இரும்புக் கம்பி போட்டு மூடிய கிணறு. உள்ளே ஒரு சின்ன விளக்கைத் தொங்க விட்டிருந்தார்கள்.

அவள் சட்டைக் காலரில் மைக். பயணிகள் ஒவ்வொருவர் காதிலும் ஒரு இயர்போன். கத்தாமல் பேசினாலே எல்லோருக்கும் கேட்கும். கம்பெனி கொடுத்த கதையை அவள் வழக்கம்போலச் சொன்னாள். இந்த வீட்டு வேலைக்காரி எஜமானியின் வளையலைத் திருடினாள், பிடிபட்டதும் இந்தக் கிணற்றில் குதித்தாள், வளையல் போட்ட கையோடு எட்டிப் பார்த்தால் இப்போதும் பிடித்து இழுப்பாள். பெண்கள் சிரித்துக்கொண்டே கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள்.

வெளியே வந்ததும் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவர் இயர்போனைத் திருப்பித் தந்தபடி ஏதோ கேட்டார். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. கிணற்றடியில் அவள் பேசி முடித்ததும் இன்னொரு பெண் பேசினாளே, அவள் யார் என்று கேட்டார். அவருடைய சொந்த ஊர்ப் பேச்சிலேயே பேசினாளாம். பக்கத்தில் நின்ற தம்பதியும் தலையாட்டினார்கள். அவர்களுக்கும் அவர்கள் மொழியில்தான் கேட்டதாம்.

என்ன சொன்னாள் என்று இவள் கேட்டாள்.

அழுதாள் என்று மட்டும் சொன்னார் பெரியவர். அழுகிற பெண்ணின் பேச்சைத் திருப்பிச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

மறந்துவிட்ட குடையை எடுத்து வருவதாக அண்ணியிடம் பொய் சொல்லிவிட்டு அவள் தனியாக உள்ளே போனாள். கிணற்றடியில் யாரும் இல்லை. ஒரு இயர்போனைக் காதில் வைத்து மைக்கைப் போட்டாள். தன் மூச்சுதான் கேட்டது. தயங்கித் தயங்கி, "இந்த வீட்டு வேலைக்காரி வளையலைத் திருடி…" என்று ஆரம்பித்தாள்.

தண்ணீர் சொட்டும் சத்தம்.

கிணற்றில் இல்லை. காதுக்குள்.

பிறகு, அவள் வீட்டில் பேசும் அதே தமிழில், மிக அருகில்:

"நான் எடுக்கலம்மா."

அவள் ஓடி வந்துதான் வேனில் ஏறினாள். குடை எங்கே என்று அண்ணி கேட்டாள். இவள் கதவை இழுத்துச் சாத்தினாள்.

அன்று இரவு முழுக்க அவளுக்கு ஒரே எண்ணம். செத்தவர்கள் எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்ற தைரியத்தில் நாம் எத்தனை பேரைத் திருடர்களாக்கி வைத்திருக்கிறோம். அந்தப் பெண்ணைப் பெற்றவளும் ஒருத்தி இருந்திருப்பாள்.

மறுநாள் மேலாளர் வேனில் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார். கிணற்றுக் கதையில் சிரிப்பு வர வேண்டும், அதற்காகத்தான் ஜனங்கள் வருகிறார்கள் என்று வழியெல்லாம் சொன்னார். அண்ணி கண்ணாடியில் இவளைப் பார்த்து, சொதப்பிடாதே என்பதுபோல் முறைத்தாள்.

கிணற்றடி வந்தது. படுத்திருக்கும் கணவனை நினைத்துக்கொண்டாள். மைக்கைப் போட்டாள்.

"இந்த வீட்டில் வேலை செய்த ஒரு பெண் இதில் இறந்து போனாள். திருடி என்று சொன்னார்கள். அவளை யாரும் கேட்கவில்லை. அவளுக்காகக் கொஞ்ச நேரம் சும்மா நிற்போம்."

பயணிகள் தலை குனிந்தார்கள். சிலர் கை கூப்பினார்கள், சிலர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள்.

மேலாளர் முகம் சிவந்தது. மைக்கைப் பிடுங்கித் தன் சட்டையில் மாட்டிக்கொண்டார். வளையலும் திருட்டும் குதித்ததும் கையை இழுப்பதுமாகக் கதையை மசாலா போட்டுச் சொல்லி, தானே சிரித்தார்.

யாரும் சிரிக்கவில்லை.

ஒவ்வொருவராகக் கிணற்றை விட்டுப் பின்னால் நகர்ந்தார்கள். ஒரு அம்மா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

மேலாளர் ஒருவரிடமிருந்து இயர்போனை வாங்கித் தன் காதில் வைத்தார். எவ்வளவு நேரம் கேட்டாரோ. பிறகு மெதுவாகக் கழற்றி, அது நனைந்திருப்பதுபோல் சட்டையில் துடைத்தார். மைக்கைக் கழற்றி அவளிடம் கொடுத்தார்.

"நீ சொன்ன மாதிரியே சொல்லும்மா," என்றார். "தினமும்."

எல்லோரும் போன பிறகு அவள் ஒரு முறை இயர்போனை வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. வெளியே பெய்யும் மழைதான் கேட்டது. அவள் நெஞ்சு லேசானது. ஒரு நல்ல வார்த்தைக்காகத்தான் அந்தப் பெண் இத்தனை காலம் காத்திருந்தாள் போலிருக்கிறது, பாவம்.

வேனில், வேலை உண்டா என்று அண்ணி கண்ணாலேயே கேட்டாள். இவள் தலையாட்டினாள்.

"அப்பாடா," என்றாள் அண்ணி. "அவரு ஏண்டி பின் சீட்டுல போய் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்காரு?"

அடுத்த இடம் மணிக்கூண்டு. அங்கே போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. அதற்கும் கம்பெனி ஒரு வேடிக்கைக் கதை வைத்திருந்தது. கட்டும்போது குடித்துவிட்டு ஏறிய கொத்தனார் ஒருவன் உச்சியிலிருந்து விழுந்த கதை. அவளுக்கு அது தலைகீழ்ப் பாடம்.

பயணிகள் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். அவள் மைக்கைப் போட்டாள். வாயைத் திறக்கப் போனவள், ஏதோ தோன்ற, இயர்போனைக் காதில் வைத்துக்கொண்டாள்.

மூச்சு.

பாரம் சுமந்து படியேறி வந்தவனைப் போல இரைக்கும் மூச்சு.

பெண்ணுடையது அல்ல.

"என்னைப் பத்தி," என்றது அது, "என்ன சொல்லப் போறே?"