அளவு பார்க்க வந்த பூட்ஸ்

ஏலக்காய் வியாபாரி வீட்டில் வேறு எந்த வாடையும் நிலைக்காது. மாதிரிக்கு வந்த காய்ப் பைகள் கூடத்து மூலையில் கிடக்கும். கருவாடு வறுத்தாலும் சற்று நேரத்தில் அந்த மணம் அதை விழுங்கிவிடும். அன்று சாயங்காலம் பானுப்பிரியா வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது, ஏலக்காய் மணத்துக்கு அடியில், தண்ணீரில் ஊறிக் கெட்ட இறைச்சிபோல ஏதோ நாறியது.

எலி செத்திருக்கும் என்று சோபாவை இழுத்துப் பார்த்தாள். பைகளை நகர்த்தினாள். நாற்றம் சுவரோரம் நின்ற பனிச்சறுக்குப் பூட்ஸிலிருந்து வந்தது.

முந்தின நாள் பார்சலில் வந்தவை அவை. பனிச்சறுக்கு விளையாட இமாச்சலம் போகலாம் என்று அவளும் கணவன் அருள்பாண்டியும் வெகுநாளாகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பேர்போன இடங்களில் கூட்டத்தோடு இடிபட அவனுக்குப் பிடிக்காது. தேடித் தேடி, ஆள் அதிகம் போகாத ஒரு சின்ன மலைச்சரிவைக் கண்டுபிடித்தான். அங்கே விடுதி நடத்துபவர்தான் அளவு பார்க்கச் சொல்லி ஆளுக்கொரு ஜோடி அனுப்பியிருந்தார். இங்கே ஒருமுறை வந்தவர்கள் வேறெங்கும் போனதில்லை என்று போனில் சிரித்தாராம்.

காய் வாங்க மலைக்குப் போயிருந்த அருள்பாண்டிக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, அந்த பூட்ஸைப் போட்டுப் பாத்தீங்களா?"

"காலையில போட்டு நடந்து பாத்தேன். என்னோடது அச்சா பொருந்துது. கழட்டத்தான் மல்லுக்கட்ட வேண்டியதாப் போச்சு."

"நாறுதுங்க. கொமட்டுது."

"யாரோ போட்டதுதான, கழுவி வையி. போடிமெட்டுல ஒரே மூட்டமா இருக்கு, ஜீப்பு ஊந்துதான் எறங்குது. வந்துர்றேன்."

மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, அவனுடைய பூட்ஸைப் பின்வாசல் குழாயடிக்குத் தூக்கிப் போனாள். போடி வெக்கையில் நாள் முழுதும் பூட்டிக் கிடந்த வீட்டில் இருந்தும், அவை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல விரல்களை மரக்க வைத்தன. ஒன்றின் உள்ளே கை விட்டாள். மெத்தென்ற உள்ளுறை சொதசொதவென்று நனைந்திருந்தது. நகத்திடுக்கில் பிசுக்கு ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பிடித்து இழுத்தபோது, ஆறிய பாலின் ஏடுபோல ஏதோ அதோடு ஒட்டிக்கொண்டு நீண்டு, அறுந்து, மஞ்சள் நீர் அவள் முழங்கைவரை வழிந்தது.

பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டினாள்.

பொத்தென்று விழுந்தன. வெளுத்த, வழவழப்பான துண்டுகள். வேகவைத்துத் தோலுரித்த பலாக்கொட்டைபோல. ஒன்று பெரிது. மற்றவை சிறியவை. ஊறிப்போன பஞ்சாக இருக்கும் என்று நினைத்தாள். அப்படித்தான் நினைக்க விரும்பினாள். குனிந்து பார்க்கவில்லை.

வேலி இடுக்கில் தெருநாய் நுழைந்தது. விரட்டுவதற்குள் கவ்விவிட்டது. மெல்லும்போது நெறுநெறுவென்று சத்தம்.

பஞ்சு நெறுநெறுக்காது.

அவள் குழாயைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். சோப்புப் போட்டுக் கை கழுவினாள். மறுபடியும் கழுவினாள். நாற்றம் போகவில்லை.

நன்றாக இருட்டிய பிறகு வாசலில் ஜீப் நின்றது. அருள்பாண்டி சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான். நடை ஒரு மாதிரி இருந்தது. குதிகாலை மட்டும் ஊன்றி, பின்னால் சாய்ந்து.

"காலுக்கு என்னங்க?"

"ஒண்ணுமில்ல புள்ள. மேல குளுரு." சோபாவில் சாய்ந்தான். "அந்த ஆளு போன் பண்ணாரு. நம்ம போற வாரம் அங்க யாருமே இல்லையாம். நம்ம ரெண்டு பேருதான்."

பேசிக்கொண்டே ஷூவைக் கழற்றினான். சாக்ஸின் நுனி காலியாகத் தொங்கியது. அதையும் உருவினான்.

விரல்கள் தொடங்கும் இடத்தோடு பாதம் முடிந்திருந்தது. ரத்தம் இல்லை. காயம் இல்லை. மெழுகுபோல மழமழவென்று, வெளுத்து.

அவன் குனிந்து பார்க்கவே இல்லை. காலைத் தூக்கி அவள் மடியில் வைத்தான். ஜில்லென்று இருந்தது.

"வெரலெல்லாம் வெறைச்சுப் போச்சு, பானு. கொஞ்சம் தேச்சு விடேன்."