விளிம்பில் இருந்த வெட்டுகள்

காய்கிற மரம் எடை குறையும். அவளுக்குத் தெரிந்த நியாயம் அதுதான். ஆனால் அன்று காலை கொட்டகையைத் திறந்து, படகைச் சுமந்த மரத்தாங்கியின் அடியில் இருந்த எடைமானியைப் பார்த்தபோது, முந்தின நாளைவிட ஒரு ஆள் எடை கூடியிருந்தது.

எடைமானிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அதன் தலையில் பழியைப் போட்டாள். மறுநாள் இன்னொரு ஆள் எடை ஏறியது. அதற்கு மறுநாளும் அப்படியே. பழுது பார்க்க வந்தவர் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, "மிஷின் நல்லாத்தான் இருக்கு. உங்க படகுதான் தின்னு கொழுக்குது" என்று சிரித்தபடி போனார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

போர்க்காலத்தில், எரிந்து மூழ்கிய கப்பலிலிருந்து ஆட்களைக் கரை சேர்த்த படகு அது. துறைமுகச் சேற்றில் புதைந்து கிடந்ததை எடுத்து, வருடக்கணக்கில் மெழுகுக் கரைசல் தெளித்து, இப்போது அருங்காட்சியகத்தின் ஜன்னலில்லாத கொட்டகையில் மெல்ல மெல்லக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். அவசரப்பட்டால் மரம் வெடித்துவிடும். மெழுகும் ஈரமும் பார்ப்பது அவள் வேலை, மரவேலை அவள் கணவனுடையது. பிள்ளை குட்டி கிடையாது. அவளுக்கு அவன், அவனுக்கு அவள். அவ்வளவுதான் குடும்பம்.

படகின் விளிம்பு நெடுக, இரண்டு பக்கமும், குறுக்கே ஆழமான வெட்டுகள் இருந்தன. பழைய பொருளின் காயத்தையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டும் என்பது அவள் தொழிலின் விதி. அருங்காட்சியக மேலாளரோ விடாப்பிடியாக நின்றார்.

"உயிரைக் காப்பாத்துன படகு மேடம் இது. எலி கடிச்ச மாதிரி நின்னா திறப்பு விழாவுல மானம் போயிடும். அடைச்சிடுங்க."

அவள் தலையை ஆட்டிவிட்டாள். கணவன் மரத்தூளையும் மெழுகையும் குழைத்து ஒவ்வொரு வெட்டாக அடைத்து, வழவழவென்று தேய்த்து, "பாரு, கல்யாணப் பொண்ணு மாதிரி ஆக்கிட்டேன்" என்றான். எடை ஏற ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

பிறகு வாடை வந்தது. மெழுகின் மணத்துக்கு அடியில், உப்பும் கருகிய எண்ணெயும் நனைந்த கம்பளியும் கலந்த ஒரு வாடை. அவள் தரையைத் தொட்டுப் பார்த்தாள், உலர்ந்திருந்தது, படகின் உட்பலகைகளைத் தொட்டுப் பார்த்தாள், அவையும் உலர்ந்திருந்தன, ஆனால் முதுகைத் திருப்பியதும் நனைந்த துணியோடு யாரோ பலகையில் மெதுவாக உட்காருவதுபோல ஒரு சத்தம் கேட்டது, திரும்பினால் நின்றது, மறுபடி திரும்பிக்கொண்டால் கொஞ்சம் தள்ளி மறுபடி கேட்டது. பயமாக இருந்தது. கணவனிடம் சொன்னாள்.

"மரம் சுருங்குது, சத்தம் போடுது. உனக்குத் தெரியாததா?" என்றான் அவன். ஆனால் அவனும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான்.

அன்று மாலை படகு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தாங்கியின் மரக்கால் ஒன்று விரிசல் விட்டிருந்தது.

"இப்படியே விட்டா உடைஞ்சிடும். அடியில ஒரு முட்டு குடுத்துட்டு வந்துடறேன்."

"வேணாங்க. நாளைக்கு ஆளுங்க வரட்டும்."

"அதுவரைக்கும் தாங்காதுடி. ரெண்டு நிமிஷம்."

அவன் படகுக்கு அடியில் ஊர்ந்து போனான். அவள் கைவிளக்கை எடுத்து அவனுக்கு வெளிச்சம் காட்டக் குனிந்தபோதுதான், விளிம்பின் மேல் வெளிச்சம் பட்டது. அடைத்த மெழுகு அமுங்கியிருந்தது. ஒவ்வொரு வெட்டிலும் நான்கு குழிகள், பக்கத்துப் பக்கத்தில். தன் கையை மேலே வைத்தாள். விரல்கள் நான்கும் பொருத்தமாக உட்கார்ந்தன.

அந்த வெட்டுகள் எப்படி விழுந்தவை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. படகு நிறைந்த பிறகும் தண்ணீரிலிருந்து கைகள் விளிம்பைப் பிடித்திருக்கின்றன. உள்ளே இருந்தவர்கள் கத்தியை எடுத்திருக்கிறார்கள். அந்த வெட்டுகள்தான் இத்தனை காலம் தண்ணீரில் விடப்பட்டவர்களை வெளியே நிறுத்தி வைத்திருந்தன. அவற்றை அவளும் கணவனும் சேர்ந்து அடைத்துவிட்டார்கள்.

தாங்கி முனகியது.

"வெளிய வாங்க! உடனே!"

"காலு மாட்டிக்கிச்சு. படகு இறங்குது. ஐயோ, நசுங்குதுடி!"

சுவரில் எடைமானியின் சின்னத் திரையில் எண் ஏறியது. ஒரு ஆள். இன்னொரு ஆள். ஆளை அழைத்து வர நேரமில்லை. மெழுகு சுரண்டும் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு, இரண்டு விளிம்பும் எட்டும்படி படகுக்குள் தாவினாள். முதல் அடைப்பில் குத்தி, நெம்பி எடுத்தாள். வெளியே தரையில் எதுவோ ஈரமாக விழுந்தது. எண் இறங்கியது.

இறங்கியது!

அடுத்தது. கத்தி மெழுகில் இறங்கி, மெழுகைவிட மெத்தென்ற எதிலோ நின்றது. யாரோ கெஞ்சினார்கள். அவள் காதில் வாங்கவில்லை. என் புருஷன் மட்டும் பிழைக்கட்டும். அடுத்தது. அதற்கு அடுத்தது. விளக்கு எங்கோ உருண்டு அணைந்தது. இருட்டில் விளிம்பைத் தடவினாள். கை தட்டுப்பட்டது. குளிர்ந்த கை. வெட்டினாள். இன்னொன்று. வெட்டினாள். அழுகை. அம்மா என்று ஒரு குரல். வெட்டினாள். படகு இலேசாகி மேலெழும்பியது.

இன்னொன்று. ஓங்கி.

இது சூடாக இருந்தது.

"காலு... வந்துடுச்சு" என்றது விளிம்புக்கு அப்பால் ஒரு குரல், திணறலோடு. "எழுந்திரிக்கத்தான்... பிடிச்சேன்..."

அவள் அந்தக் கையைத் தேடினாள். விளிம்பில் அது இல்லை. பலகையில், அவள் முழங்காலருகே, விரல்கள் மட்டும் கிடந்தன. வெளியே ஏதோ கனமாகச் சரிந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். தரையில் தண்ணீர் அலையடித்தது.

அவளுக்குப் பின்னால் பலகைகள் கிரீச்சிட்டன. யாரோ ஒருவர் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார். பிறகு ஒரு ஈரக் கை, ஐந்து விரல்களும் முழுதாக இருந்த, கத்தி பிடித்துக் காய்த்த கை, வந்து அவள் முதுகை மெதுவாகத் தட்டிக்கொடுத்தது.