ஒட்டுத்தோல்

ஐசக்கின் வலது மணிக்கட்டில் பச்சை குத்திய சிலுவையின் ஒரு முனையை அன்று காலை காணவில்லை.

கதிரடிக்கும் மெஷினில் சிக்கிப் புறங்கைத் தோல் மொத்தமும் உரிந்துபோனபின், பெரிய ஆஸ்பத்திரியில் அவன் அடிவயிற்றுத் தோலை ஒரு பக்கம் கிளப்பி, கையின் மேல் போர்த்தித் தைத்திருந்தார்கள். தோல் கையில் பிடித்துக்கொண்டதும் வெட்டிப் பிரித்துவிடலாம், அதுவரை அசைக்காதே என்று சொல்லிச் சொந்த ஊரான காவாந்தண்டலத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வயிற்றோடு தைத்த கையுடன் அவன் கட்டிலில் கிடந்தான். வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை முறுகும் சத்தமும், மருந்து நெடிக்கு அடியில் கசிந்த பச்சை மாமிச வாடையும், எல்லாவற்றுக்கும் கீழே ஈரத்துணி மெல்ல இழுபடுவது போன்ற ஓர் ஓசையும் அவனைக் கண்மூட விடவில்லை.

"சிலுவ பாதி தெரியல பாரு," என்றான்.

அவன் மனைவி ஜெயம்மாள் குனிந்து பார்த்தாள். "வீங்கிக்கினு கீதுய்யா. அதான் மூடிக்கிச்சு."

போனில் நர்ஸும் அதையே சொன்னாள். திங்கட்கிழமை வரச் சொன்னாள்.

மத்தியானம் சிலுவை முழுவதும் மறைந்திருந்தது. வலி இல்லை. அதுதான் அவனை நடுங்க வைத்தது. வெந்நீரில் முக்கியது போல கைக்கு இதமாக இருந்தது. தோள் தானாக முன்னால் வளைந்திருந்தது. நிமிரப் பார்த்தான். முடியவில்லை.

சாயங்காலம் ஜெயம்மாள் கட்டைப் பிரித்தாள். தையல் இல்லை. ஒரு நூல்கூட இல்லை. கையும் வயிறும் சேரும் இடம் உதடு போல வழவழவென்று, முழங்கைக்குக் கிட்டே வந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் ஏறியது.

"ஆட்டோ கூப்புடு."

"கூப்ட்டேன். உத்திரமேரூர்லேர்ந்து வரணும்."

"அதுக்குள்ள உள்ள பூடும், ஜெயம்மா."

அவள் கட்டிலில் முட்டி போட்டு, இரு கைகளாலும் அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். வயிறும் இழுத்தது.

"வுடு."

"சும்மா இருய்யா."

பிடி வழுக்கியது. அவள் விரல்கள் அந்த விளிம்பில் பட்டன.

"கைய எடு, ஜெயம்மா."

எடுக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான். பயம் வடிந்து, தூக்கத்தில் சொக்குபவளைப் போல அவள் கண்கள் செருகிக்கொண்டிருந்தன.

"கதகதன்னு கீதுய்யா," என்றாள்.

வாசலில் ஆட்டோ வந்து நின்று ஹார்ன் அடித்தது.

கீழே பார்த்தான். அவனுடைய தோல் அவள் நகங்களை மூடி, விரல் கணுக்களின் மேல் ஏறி, கண்ணாடி வளையல்களைத் தொட்டுக்கொண்டிருந்தது.