லொரீனாவின் இடம்

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து ஞாயிறு மதியம் அலபாமாவில் என் கல்லூரிக்குத் திரும்பினேன். மாணவிகள் சேர்ந்து தங்கும் எங்கள் சங்க வீட்டுச் சமையலறைக் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 'நான்கு மணிக்கு மெழுகுவர்த்தி.'

எங்கள் சகோதரிகள் சங்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாருக்கோ கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. யாருக்கு என்று மூச்சு விடக் கூடாது. எல்லோரும் வட்டமாக நின்று, மோதிரம் கட்டிய மெழுகுவர்த்தியைக் கைமாற்றுவோம். மூன்றாவது சுற்றில் தன் கைக்கு வந்ததும் மணப்பெண் ஊதி அணைப்பாள். அப்போதுதான் ஊருக்கே தெரியும்.

மாடியில் என் அறைத்தோழி டார்சி பாடிக்கொண்டே தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"யாருடி இன்னிக்கு?" என்றேன்.

"எனக்கென்னடி தெரியும்?" என்றாள். முகமெல்லாம் பல்.

போன வருடம் வரை என்னோடு சுற்றிய வெஸ்லி இப்போது அவளோடு சுற்றுகிறான். இனி விடுகதை எதற்கு? என் வயிறு பற்றி எரிந்தது.

கூடத்தில் திரைகளை இழுத்து மூடி விளக்கை அணைத்தார்கள். கணப்புக்கு இடப்பக்கம், சுவரை ஒட்டி, ஓர் ஆள் நிற்கும் இடத்தை நாங்கள் எப்போதும் காலியாக விடுவோம். அது லொரீனாவின் இடம். எண்பது வருடங்களுக்கு முன் அவளுக்கான மெழுகுவர்த்தியைப் பக்கத்தில் நின்றவள் பொறாமையில் முந்திக்கொண்டு ஊதிவிட்டாளாம். நிச்சயம் முறிந்தது. அந்தக் கோடையை லொரீனா தாண்டவில்லை. அன்றிலிருந்து அந்த இடம் வரும்போது கையை எட்டி நீட்டித்தான் சுடரைத் தாண்டவிடுவோம்.

அந்த இடத்துக்கு அடுத்து டார்சி நின்றாள். நான் போய்க் காலி இடத்தில் நின்றேன்.

"கோரின், அங்க நிக்காதடி," என்றாள் கிசுகிசுப்பாக.

"உன் பக்கத்துல நிக்கணும் போல இருக்குடி."

பொய். சுடர் என்னைத் தாண்டித்தான் அவளிடம் போக வேண்டும். அவளுடைய நிமிடத்தைப் பறிக்க எனக்கு ஒரே ஓர் ஊதல் போதும்.

பாட்டு தொடங்கியது. முதல் சுற்று போனது. இரண்டாவதும் போனது. அறையில் ஈர மண் வாடை அடித்தது. வெளியே மழையே இல்லையே என்று நினைத்தேன்.

மூன்றாவது சுற்று. மெழுகுவர்த்தி என் கைக்கு வந்தது.

உதட்டைக் குவித்தேன்.

ஊதவில்லை. சத்தியமாக நான் ஊதவில்லை.

என் தோளுக்குப் பின்னாலிருந்து ஐஸ் போல ஒரு மூச்சு வந்தது. எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

சுடர் அணைந்தது.

இருட்டில் என் காதருகே ஒரு குரல், ரொம்ப நாள் காத்திருந்த அலுப்போடு, "அப்பாடா," என்றது.

யாரோ விளக்கைப் போட்டார்கள். எல்லோரும் என்னைக் கட்டிக்கொள்ள ஓடி வந்து பாதியில் நின்றார்கள். மெழுகுவர்த்தியில் ரிப்பன் முடிச்சு அவிழாமல் இருந்தது. மோதிரம் மட்டும் இல்லை.

"குடுத்துடு கோரின்," என்றாள் டார்சி. அவள் உதடு வெளுத்திருந்தது.

"எங்கிட்ட இல்லடி."

அவள் கைபேசி ஒலித்தது. வெஸ்லி. எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"டார்சி, மெழுகுவர்த்தி நல்லபடியா முடிஞ்சுதா? லொரீனா போனையே எடுக்க மாட்டேங்கறா."

டார்சி கைபேசியை வாயருகே கொண்டுபோனாள்.

"வெஸ்," என்றாள் டார்சி மெதுவாக, "நான் யாரு உனக்கு?"

"என்ன கேள்வி இது? லொரீனாவோட சிநேகிதி." காரின் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. "இரு, அவளே வந்துட்டா. ஏய், ஏன் இப்படிச் சில்லுனு இருக்கே?"

டார்சி தரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அவன் பக்கத்தில் ஒரு பெண் மெல்லச் சிரித்தாள். அவனும் சிரித்தான். என்னோடு இருந்தபோது அவன் ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயத்தில் பல் கிட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் எனக்கு வயிறு எரிந்தது.