நாலுக்கு மூன்று

பல் டாக்டர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மருந்துக்கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டது, வழக்கு வந்துவிட்டது என்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் கக்கத்தில் தடித்த பதிவேட்டை இடுக்கிக்கொண்டு எவரும் சும்மா வரமாட்டார்கள்.

அவர் வந்தது மருந்துக்கடைக்காரரின் அத்தானைத் தேடி. அத்தான் முப்பது வருடம் கடைத் தராசுகளுக்கு முத்திரை குத்திய அதிகாரி. அவர் தெருமுனை திரும்பினாலே எடைக்கற்கள் கூனலை நிமிர்த்திக்கொள்ளும் என்பார்கள். ஓய்வு பெற்ற பிறகு ஊரின் புரியாத கணக்குகளெல்லாம் அவரிடம்தான் வந்தன. அக்கா போய்ச்சேர்ந்த பிறகு அந்த வீட்டில் இரண்டு ஆண்கள், ஒரு கெட்டில், பேச்சை நிறுத்திவிட்ட ஒரு ரேடியோ. வழக்கு வந்தால்தான் குரல்கள் வெளியே வரும்.

"ரக்பி கிளப் செயலாளரா வந்திருக்கேன் சார். பல் விஷயம் இல்ல," என்றார் டாக்டர்.

கிளப்பின் முன்பற்களில் பாதி அவர் கட்டியவை. ஐந்து வருடத்துக்கு முன்பு செயலாளர் பதவியை நன்றியோடு அவர் தலையில் கட்டிவிட்டார்கள். முட்டை வடிவப் பந்தை மார்போடு அணைத்து ஓடுவதும், ஓடுகிறவனை இடுப்போடு அணைத்து வீழ்த்துவதுமான ஆட்டம் அது. இருபத்தைந்து வருடத்தில் இருநூற்றுப் பதினொரு ஆட்டம், இருநூற்றுப் பத்து தோல்வி. எதிரணியின் பஸ் பழுதாகிப் பாதிப் பேரே வந்த அன்றும் தோற்றார்கள். ஒருமுறை தங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடியதில் இரண்டு பக்கமும் தோற்றதாகக் கேள்வி.

"அந்த ஒரே வெற்றிதான் சார் வினை. கிளப் வரலாறு நாளைக்கு அச்சுக்குப் போகுது. ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி அக்கரை டீமை ஜெயிச்சதா பதிவேட்டுல இருக்கு. அவங்களைக் கேட்டா, இதோ கடிதம்."

மருந்துக்கடைக்காரர் பிடுங்காத குறையாக வாங்கிப் படித்தார். 'அன்று வந்தோம். மழை. உங்கள் ஆட்கள் பதினைந்துக்கு ஒன்பது பேர்தான். ஆட்டம் நடக்கவில்லை. எங்களை வழியனுப்பக்கூட ஆளில்லை, குடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளைத் தவிர.'

"பதிவேட்டை எழுதறது யாரு?" என்றார் அத்தான்.

"கிளப்பை ஆரம்பிச்ச கேப்டன். அவரைத் தவிர அதை யாரும் திறந்ததே இல்ல. கேட்டா, 'நான்தான் எழுதினேன், என் பேரை எடுத்துடுங்க'ன்றார். அதுக்கு மேல வாயே திறக்கல. பொய்க் கணக்கு எழுதினவர் பேரு புத்தகத்துல வரக்கூடாதுன்னு கமிட்டி ஒத்தைக் கால்ல நிக்குது. அவருக்கு இந்தக் கிளப்பை விட்டா வேற நாதி இல்ல சார்."

"அன்னைக்கு அவர் எங்க இருந்தார்?"

"ஆஸ்பத்திரியில. குடலிறக்க ஆபரேஷன்."

"பிடிச்சுட்டேன் அத்தான்! மயக்க மருந்து! அரைத் தூக்கத்துல கனவு கண்டு எழுதியிருக்கார்," என்று மருந்துக்கடைக்காரர் துள்ளினார்.

"மாப்ளே, கையெழுத்தைப் பாரு. மயக்கத்துல எழுதினவன் கோடு போட்டு எழுதுவானா?"

பக்கத்தில் எல்லாம் திருத்தமாக இருந்தது. வெற்றி. நாலுக்கு மூன்று. வானிலை: மழை. பார்வையாளர்: ஒருவர். அத்தான் முந்தைய பக்கங்களைப் புரட்டினார். பார்வையாளர் கட்டம் எங்கும் காலியாகவே இருந்தது. ஓரிடத்தில் மட்டும் 'நாய்' என்றிருந்தது.

"டாக்டர், இந்த ஆட்டத்துல புள்ளி எப்படி வரும்?"

"கோட்டைத் தாண்டி பந்தை வச்சா அஞ்சு. அதுக்கப்புறம் உதைச்சு கம்பத்துக்கு நடுவுல விட்டா கூட ரெண்டு. மத்தபடி கம்பத்துக்கு நடுவுல உதைச்சா மூணு."

"அப்ப நாலு எப்படி வந்துச்சு?"

டாக்டர் விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். வாய் திறந்தபடியே நின்றது, சொந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் போல.

"வராதே சார்!"

"கேப்டன் வீட்டுக்குப் போகலாம்," என்று அத்தான் சட்டையை மாட்டினார்.

கேப்டன் வீட்டுக் கூடத்தில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன, ஒழுங்கு செய்வதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லை என்று காட்டுவதுபோல. கசங்கிப்போன காதுகளோடு அவர் கதவைத் திறந்தார். ஆட்டம் கொடுத்த ஒரே பரிசு அதுதான்.

"பேரை எடுத்துடுங்கன்னு சொல்லிட்டேனே. இன்னும் என்ன?"

"உட்காருங்க கேப்டன்," என்றார் அத்தான், அந்த வீட்டுக்காரர் தான்தான் என்பதுபோல. "பொய் எழுத நினைச்சிருந்தா நீங்க எட்டுக்கு மூணுன்னு எழுதியிருப்பீங்க. இந்த ஆட்டம் தெரிஞ்ச யாரும் நாலுன்னு சொல்லமாட்டாங்க. தெரியாத யாரோ சொன்னதை, தெரிஞ்ச நீங்க ஒரு புள்ளிகூட மாத்தாம எழுதியிருக்கீங்க."

கேப்டன் மேசைமேல் இருந்த செய்தித்தாளை நேராக்கினார்.

"நீங்க படுக்கையில. ஆனா மழை பெஞ்சது, ஒருத்தர் பார்த்துட்டிருந்தது, ரெண்டும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. மழையில குடையோட உட்கார்ந்திருந்தது யாரு? அங்கிருந்து நேரா உங்க கட்டிலுக்கு வந்து, ஜெயிச்சாச்சுன்னு சொன்னது யாரு? அவங்களைப் பொய்க்காரின்னு நாலு பேர் சொல்லிடக்கூடாதுன்னு, அந்தப் பேரை நீங்க வாங்கிக்கிட்டீங்க."

கெட்டிக்கார ஊகம் எதையாவது சொல்ல வாயெடுத்த மருந்துக்கடைக்காரர், சுவரில் இருந்த கேப்டன் மனைவியின் படத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அக்கா படமும் இதே அளவுதான்.

கேப்டன் பேசினார். "வீட்டுக்காரி ஆட்டம் பார்க்க வந்ததே இல்ல. அன்னைக்கு, 'உங்களுக்குப் பதிலா நான் போய்ப் பார்த்துட்டு வரேன்'னு கிளம்பினா. சாயங்காலம் சேலையெல்லாம் ஈரமா வந்து நின்னு, 'நாலுக்கு மூணு, உங்க பசங்க பிச்சு உதறிட்டாங்க'ன்னா. நாலுன்னதுமே தெரிஞ்சுபோச்சு. மறுவருஷம் போயிட்டா."

டாக்டர் பதிவேட்டை மூடினார். "ஆட்டம் நடக்கலைன்னு போட்டுடறேன் கேப்டன். இருநூத்திப் பத்தும் தோல்விதான், அதுல என்ன வெட்கம். ஆரம்பிச்சவர் பேரு முதல் பக்கத்துல வரும். கமிட்டி முறைச்சா அவனவன் பல்லை அவனவனே பிடுங்கிக்கட்டும். அம்மா விஷயம் இந்த அறையைத் தாண்டாது."

கேப்டன் தலையசைத்தார். நன்றி சொல்வார் என்று மருந்துக்கடைக்காரர் எதிர்பார்த்தார்.

"அஞ்சு, ரெண்டு, மூணு," என்றார் கேப்டன், யாரையும் பார்க்காமல். "அஞ்சு நிமிஷத்துல சொல்லிக் கொடுத்திருக்கலாம். அவளும் ஒரு நாள் கேட்டா. ஆட்டத்துக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டேன்."